அடியில் என் பெயர்

அந்த ஆள் நாசமாகப் போக வேண்டும் என்று நான் தினமும் மலையைப் பார்த்து வேண்டிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. பேச்சுக்குச் சொல்லவில்லை. காலையில் மாடியில் துணி காயப்போடும்போது, கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டே வேண்டுவேன். சாமியிடம் போய் இப்படியெல்லாம் கேட்கலாமா என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். கேட்கிறது என் வேலை, கொடுக்கிறதும் கொடுக்காததும் அவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஆள் என் பழைய முதலாளியின் மருமகன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், பதினெட்டு அறைகள் உள்ள ஒரு விடுதியில் நான் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்துக்காரி நான். எங்கள் வீட்டில் நெல்லும் வேர்க்கடலையும்தான். பி.காம். முடித்து, டவுனில் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோவும் படித்து, கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே தங்கிவிட்டேன். சேரும்போது ரிசப்ஷன் வேலை என்றார்கள். சேர்ந்த பிறகு பார்த்தால் தண்ணி மோட்டார் போடுவதிலிருந்து, குரங்கு கடித்த வெள்ளைக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது வரை எல்லாமே என் தலையில்தான்.

எங்கள் கிராமத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆள் அந்தண்டை போய்விட்டால் அதைத் தவிர வேறு பெயரே கிடையாது. ரேஷன் கார்டில் இருக்கிற பெயரைச் சொல்லி வீடு கேட்டால் நாள் முழுக்க அலைய வேண்டியதுதான். விடுதியிலும் அதே பழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. சமையல்கார அக்காவுக்கும் அறை துடைக்கிற பெண்களுக்கும் வெளிநாட்டுப் பெயர்கள் வாயில் நுழையாது. எனவே ஆள் வந்த இரண்டாம் நாளே ஒரு பெயர் விழுந்துவிடும். மூன்று வேளையும் ஒரே சாப்பாடு கேட்டவர் 'தயிர்சாதம்'. தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கிப்போகிற ஒரு ஸ்விஸ்காரர் 'குளிக்காத சாமி'. வருஷத்துக்கு ஒரு ஆளோடு வந்து இறங்குகிற பிரெஞ்சுக்கார அம்மா 'இந்த வாட்டி யாரு'. இதில் பாதிப் பெயர்கள் நான் வைத்தவை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

என் அட்ரஸ் புக் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு சீசனில் வந்து தங்கியவர் ஊருக்குக் கிளம்பும்போது தன் பழைய லேப்டாப்பை எனக்கு விட்டுப்போனார். அதில் ஒரு மெயில் புரோகிராம் போட்டிருந்தார். மவுஸ் வேண்டாம், படம் வேண்டாம், கருப்புத் திரையில் வெறும் எழுத்து. நெட் நூல் மாதிரி மெலிசாக வந்தாலும் கடிதம் போய்விடும். ஆனால் அதற்கு ஒருத்தருடைய முகவரியும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் முழு முகவரியையும் நோட்டைப் பார்த்து நானே அடிக்க வேண்டும். ஒரு எழுத்து தப்பினால் கடிதம் திரும்பி வந்து நிற்கும்.

எனக்குக் கோபம் வந்தால் வேலை ஓடும். நோட்டில் இருந்த எல்லாரையும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் ஏற்றினேன். ஒரு வரிக்கு ஒரு ஆள். முதலில் பட்டப்பெயர், பிறகு மெயில் முகவரி, பிறகு எந்த மாதம் வருவார், எந்த அறை பிடிக்கும், எதைச் சாப்பிட மாட்டார். அடுத்து, அந்தக் கோப்பையும் மெயில் புரோகிராமையும் சேர்த்துவைக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். 'தயிர்' என்று அடித்தால் போதும், அது கோப்பில் தேடிப்போய் ஆளுடைய முகவரியைக் கொண்டுவந்து கடிதத்தின் தலையில் வைத்துவிடும். புதிதாக யாராவது எழுதினால், வந்த கடிதத்திலிருந்தே முகவரியை எடுத்து, என்ன பெயர் வைக்கலாம் என்று என்னைக் கேட்டுக் கோப்பில் சேர்க்க இன்னொரு ஸ்கிரிப்ட். ஒரு மாதம் ஆனது. முதலில் ஓட்டியபோது தயிர்சாதத்துக்குப் போக வேண்டியது குளிக்காத சாமிக்குப் போய், அவர் எனக்கு ஏன் தயிர் கம்மியாகத் தருவதாகச் சொல்கிறாய் என்று திருப்பி எழுதினார்.

மூன்றாவது ஸ்கிரிப்ட்தான் முக்கியம். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் எல்லாருக்கும் ஒரு கடிதம் போகும். மழை எப்படி, மலை எப்படி, எந்த அறைக்கு வெள்ளையடித்தோம் என்று நான் இங்கிலீஷில் எழுதுவேன். தனித்தனிக் கடிதமாக, அவரவர் பெயர் போட்டுப் போக வேண்டும். பட்டப்பெயரைப் போட முடியுமா? அதற்காக இன்னொரு கோப்பு வைத்திருந்தேன். பட்டப்பெயருக்கு நேராக நிஜப் பெயர். 'மரியாதை' என்று அந்தக் கோப்புக்குப் பெயர் வைத்திருந்தேன். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு பட்டப்பெயராக எடுத்து, மரியாதைக் கோப்பில் நிஜப் பெயரைப் பார்த்து, டியர் போட்டு, கடிதத்தை முடித்து, அடியில் என் பெயரை வைத்து அனுப்பும். பதில் எழுதுகிறவர்கள் விடுதிக்கு வருகிறோம் என்று எழுத மாட்டார்கள். உன்னைப் பார்க்க வருகிறோம் என்று எழுதுவார்கள்.

மருமகன் வந்து சேர்ந்தான். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. முதலாளிக்கு உடம்பு முடியாமல் போனதும் இவன் மேஜைக்கு வந்துவிட்டான். வந்த வாரமே என்னிடம் கேட்டான்.

"அக்கா, அந்த கெஸ்ட் லிஸ்ட்ட எனக்கு காப்பி பண்ணிக் குடுங்க."

"லிஸ்ட்னு ஒண்ணும் இல்லீங்க. அது என் அட்ரஸ் புக்."

"இங்க உக்காந்து எழுதினதுதானே? அப்ப இந்த எடத்தோடதுதான்."

முதலாளியும் குடுத்துடும்மா என்றார். கொடுத்தேன். பென் டிரைவில் அந்த ஃபோல்டரை, ஸ்கிரிப்டுகளோடு அப்படியே எடுத்துக்கொண்டான். மரியாதைக் கோப்பு வேறு ஃபோல்டரில் இருந்தது. அவன் கேட்கவில்லை, எனக்கும் அப்போது அது தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து, சாப்பாட்டுக் கூடத்தில் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான். "எல்லாரும் ஆன்லைன்ல புக் பண்றாங்க அக்கா, டெஸ்க்ல ஆள் ஜாஸ்தி. நீங்க நல்லா கூட்டிப் பெருக்குவீங்கன்னு சொன்னாங்க, வேணும்னா ரூம் கிளீனிங்ல ஒரு எடம் பாக்கலாம்." அறை துடைப்பது ஒன்றும் கேவலமில்லை. ஆள் வராத நாளில் பதினெட்டு அறையும் நான் துடைத்திருக்கிறேன். ஆனால் அவன் அதைச் சொன்னபோது சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். மேஜை டிராயரிலிருந்த என் சீப்பையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாசலில் முதலாளி கையைப் பிடித்துக்கொண்டார். வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு விட நாலு அறை கட்டி முடிக்கிற சமயம் அது. அவருக்குத் தெரியும்.

"இந்த ஒரு சீசன் மட்டும் நம்ம கெஸ்டுங்களுக்கு எழுதாதம்மா. அவங்களா தேடி வந்தா நீ வெச்சுக்கோ. நீயா எழுதாத."

என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஐந்து நாள் கூடவே இருந்த மனிதர். சரிங்க ஐயா என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த நாலு அறைக்கு வர வேண்டியவர்கள் என்றால் என்னைத் தெரிந்தவர்கள்தான். எங்களுக்கு விளம்பரம் செய்யத் தெரியாது, ஆசிரமத்தை விட்டுத் தள்ளிக் கலெக்டர் ஆபீஸ் பக்கம் வந்து தங்க வேண்டும் என்று எந்த வெள்ளைக்காரருக்கும் தலையெழுத்து இல்லை. என் பெயரை நம்பி வந்தால்தான் உண்டு. இருந்தாலும் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

புரட்டாசியில் தயிர்சாதத்திடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. உன் கடிதம் கிடைத்தது, என் பழைய அறையையே தருவதாக எழுதியிருக்கிறாய், சந்தோஷம் என்று. நான் ஏது கடிதம் எழுதினேன்? அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். விடுதி மெயிலிலிருந்து போயிருந்தது. அடியில் என் பெயர்! விசாரித்து எழுதுகிற எல்லாருக்கும் அவன் என் பெயரில்தான் பதில் போட்டுக்கொண்டிருந்தான். ஆளை வெளியே தள்ளிவிட்டுப் பெயரை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டான். உடனே போன் போட்டேன்.

"என் பேர எதுக்குப் போடுறீங்க?"

"கோவிச்சுக்காதீங்க அக்கா. அது இப்ப ஒரு பிராண்ட் மாதிரி. இங்க யார் உக்காந்தாலும் அந்தப் பேர்லதான் எழுதுவாங்க."

பிராண்டாம். பெற்றவர்கள் வைத்த பெயர் இவனுக்குச் சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிட்டது. என் வாக்கு முதலாளிக்குக் கொடுத்தது என்பதால் அன்றைக்கும் நான் யாருக்கும் எழுதவில்லை. ஆனால் மாடிக்குப் போனால் மலையைப் பார்த்து வேண்டுவேன் என்று சொன்னேனே, அது அன்றிலிருந்துதான்.

ஐப்பசிக் கடைசியில், மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அவனே கூப்பிட்டான். குரலில் தேன் வழிந்தது.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? அந்த சீசன் லெட்டர் ஸ்கிரிப்ட் ஓட மாட்டேங்குது. ஏதோ ஒரு ஃபைல் காணோம்னு சொல்லுது."

கையில் அரிசித் தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. மரியாதைக் கோப்பு அவனிடம் இல்லை.

"அந்த ஃபைலைத் தேடுற வரியை எடுத்துட்டீங்கன்னா ஓடும்ங்க," என்றேன். நான் சொன்னதில் ஒரு சொல் பொய் கிடையாது. அந்த வரி இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் கையில் இருக்கிற பட்டப்பெயரையே டியருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போகும்.

லொட்டு லொட்டென்று தட்டுகிற சத்தம் கேட்டது. "ஆமா அக்கா, இப்ப வருது. பேரெல்லாம் தமிழ்ல வருதே, நீங்க அப்படித்தான் போடுவீங்களா?"

நிஜப் பெயர்களை நான் தமிழில் எழுதி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டான். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லீங்க, நிறுத்துங்க என்று. சொல்லவில்லை. சொல்வேனா? அவன் சிரித்த சிரிப்புதான் கண் முன்னால் நின்றது.

"பரவால்ல, ஃபாரினர்ஸுக்கு தமிழ்ல பேர் போட்டா அழகா இருக்கும்ல?" என்றான் அவனே.

"ரொம்ப அழகா இருக்கும்ங்க," என்றேன்.

போனை வைத்துவிட்டு அரிசியை நாலாவது தடவையாகக் களைந்தேன். அன்றைக்குச் சோறு எனக்கு அமிர்தமாக இறங்கியது. வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

முந்நூறு பேருக்கு மேல் போயிருக்கும். மறுநாள் காலையிலேயே சமையல்கார அக்கா கூப்பிட்டாள். பின்கட்டில் நின்று பேசினாள் போல, குக்கர் சத்தத்துக்கு நடுவில் கிசுகிசுத்தாள்.

"ஏம்மா, இன்னா பண்ணி வெச்ச? இங்க ஒரே கலாட்டாமா! அந்த குளிக்காத சாமி முந்தாநாளே வந்து எறங்கிட்டாரு. காலைல போன தூக்கிக்கினு வந்து டெஸ்க்ல நிக்கிறாரு. போன்லயே இங்கிலீசுல மாத்திப் பாத்துட்டாராம். நான் குளிக்கலன்னு யாரு சொன்னதுன்னு கேக்குறாரு!"

"அவன் இன்னா சொன்னான்?"

"இன்னாத்த சொல்லுவான்? பேந்தப் பேந்த முழிக்கிறான். என்னக் கூப்ட்டு, இது இன்னா எழுதியிருக்கு, படிச்சு சொல்லுன்னான். நான் சத்தமா படிச்சேன் பாரு, கூடத்துல இருந்த அத்தினி பேரும் கேட்டுட்டாங்க. அவன் மூஞ்சிய நீ பாக்கணுமே, ஐயோ!"

வயிறு வலிக்கச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே கூடத்தில்தான் என்னையும் அவன் அனுப்பினான். மூக்கு அறுபட்டதா? நன்றாக அறுபடட்டும். மத்தியானம் வரை அக்கா இரண்டு தடவை கூப்பிட்டுச் சேதி சொன்னாள். ஒருத்தர் பின் ஒருத்தராக எழுதுகிறார்களாம், என்ன அர்த்தம் என்று கேட்கிறார்களாம், இரண்டு பேர் அறையே வேண்டாம் என்றுவிட்டார்களாம். ஒவ்வொருத்தருக்கும் அவன் உட்கார்ந்து மன்னிப்புக் கடிதம் எழுதுகிறானாம். ஸ்கிரிப்ட் போட்டு அனுப்பச் சொல்லு அக்கா என்றேன்.

முதலாளி கூப்பிட்டார். "என்னம்மா இது?" என்றார் மெதுவாக.

"நான் ஒருத்தருக்கும் எழுதலீங்க ஐயா. குடுத்த வாக்குல இருக்கேன்," என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் பிரெஞ்சுக்கார அம்மாவிடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி. இத்தனை வருஷமும் என்னைப் பற்றி நீ இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாயா, உன்னைத் தோழி என்று நினைத்தேனே என்று இரண்டே வரி. நான் படபடவென்று வீட்டுக்காரரிடம் காட்டினேன். "அனுப்பினது அவன், எங்கிட்ட வந்து கேக்குறா பாரு," என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "அந்த லெட்டர்ல அடியில யார் பேரு இருந்துச்சு?" என்று கேட்டார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் என் பெயரைப் போடுகிறான் என்றுதானே நான் எரிந்துகொண்டிருந்தேன்! அதே பெயர் இதற்கும் அடியில் இருக்கும் என்று என் மரமண்டையில் ஏறவே இல்லை. முந்நூறு பேரையும் முந்நூறு விதமாக நான்தான் கேலி செய்து எழுதியிருக்கிறேன். கூடத்தில் இருந்த நாலு பேருக்குத்தான் அவன் முட்டாள். மற்ற எல்லாருக்கும் நான்தான்.

வாக்கை மீறினேன். மறுநாள் உட்கார்ந்து, மரியாதைக் கோப்பைச் சேர்த்து, நானே எல்லாருக்கும் எழுதினேன். நான் அங்கிருந்து விலகி மாதங்கள் ஆகின்றன, கடிதம் நான் அனுப்பியதில்லை, இனி என் பெயரில் அங்கிருந்து வருகிற எதையும் நம்ப வேண்டாம் என்று. பட்டப்பெயர்களைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரியும் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது? தயிர்சாதம் விழுந்து விழுந்து சிரித்ததாகப் பதில் போட்டார், வேங்கிக்காலில் அறை இருக்கிறதா என்றும் கேட்டார். அவரைப் போல இன்னும் சிலர். பிரெஞ்சுக்கார அம்மா எழுதவில்லை. அவன் மேல் இருந்த ஆத்திரத்தில் மட்டும் ஒரு சொட்டு குறையவில்லை. இந்த நிமிஷம்வரை குறையவில்லை.

மூன்றாம் நாள் காலை சென்னையிலிருந்து ஒரு போன். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. ஏழு வருஷமாகக் கார்த்திகைக்கு வருகிறவர். திரையில் அவர் நம்பரைப் பார்த்ததும் உடனே எடுக்காமல் கொஞ்சம் அடிக்க விட்டேன். மற்றவர்களுக்கு அந்தத் தமிழ்ப் பெயரை மாற்றிப் படிக்கப் போன் வேண்டும். இவருக்கு வேண்டாம். என் கோப்பில் அவர் 'பொண்ணு செத்த அம்மா'.

அது கேலிக்கு வைத்த பெயர் இல்லை. முதல் வருஷம் வந்தபோது, அறை துடைக்கிற பெண் ஒருத்தி, உங்களுக்கு எத்தனை பசங்கம்மா என்று கேட்டுவிட்டாள். அவர் அன்றைக்குச் சாப்பிட வரவில்லை. புதிதாக வேலைக்கு வருகிற யாரும் இனிமேல் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடக் கூடாது என்று, பார்த்ததும் புரிகிற மாதிரி அப்படி எழுதிவைத்தேன். பிறகு ஒரு வருஷம் இரண்டு பேரும் கிரிவலம் போனபோது, நடந்துகொண்டே அந்தப் பெண்ணைப் பற்றி எல்லாம் சொன்னார். அவள் பாட்டுக் கற்றுக்கொண்டது, உடம்புக்கு வந்தது, எல்லாம். கோப்பில் அந்த வரியை நான் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"அந்த லெட்டர் நீதான் அனுப்பினியா?" என்றார். கோபமே இல்லை குரலில்.

"நான் அனுப்பலம்மா. முதலாளி மருமகன் அனுப்பினாரு. நான்தான் எழுதியிருந்தேனே."

"படிச்சேன். அந்தப் பேரு?"

அவன் வைத்தது என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். அவன் மேல் எவ்வளவோ பழி போடலாம், இதையும் போட்டால் அவனுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? வாய்வரை வந்தது.

"பேரு நான் வெச்சதுதாம்மா," என்றேன். ஏன் வைத்தேன் என்றும் சொன்னேன். துடைக்கிற பெண், அந்தக் கேள்வி, சாப்பிட வராத அந்த நாள் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"எம் பொண்ணு பேரு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"சொல்லு."

சொன்னேன்.

"அவளோட அம்மான்னு எழுதியிருக்கலாமே," என்றார். "ஊர்ல எல்லா அம்மாவையும் அப்படித்தானே கூப்புடுவாங்க. என்னை அப்படிக் கூப்பிட்டு ஒம்பது வருஷம் ஆச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.